ஃபைபர் படகு இன்சூரன்ஸ்: ஒரு கிளைமுக்குப் பிறகு

மச்சான் புதிதாக ஃபைபர் படகு இறக்கியிருக்கிறான். எந்த இன்சூரன்ஸ் போடலாம் என்று கேட்டான். முழுச் சேதத்துக்கு மட்டும் போட்டால் பிரீமியம் குறைவு. என்னிடம் ஏஜென்ட் முதலில் நீட்டியதும் அதைத்தான். அது வேண்டாம் என்றேன். படகு அடியோடு போவது அபூர்வம். அணியம் (படகின் முன்பக்கம்) பிளப்பது, பக்கவாட்டில் விரிசல், எஞ்சின் தண்ணீர் குடிப்பது, இவைதான் நமக்கு நடப்பவை. பகுதிச் சேதமும் சேர்ந்திருக்க வேண்டும். கரையில் கிடக்கும்போதும் செல்லுமா என்று கேட்டு வாங்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா வந்தபோது வேதாரண்யம் பக்கம் கரையேற்றி வைத்த படகுகளே நொறுங்கின. எஞ்சினைப் பாலிசியில் தனியாகக் குறிப்பிட்டு, அதற்குத் தனித் தொகையும் எழுதியிருக்க வேண்டும்.

வலைக்கு என் பாலிசியில் இடமில்லை. இலங்கைக் கடற்படை பிடித்துப்போனாலும் கிடையாது. பறிமுதல் எல்லாம் விலக்குப் பட்டியலில் இருக்கிறது. தெரிந்தேதான் வாங்கினேன், அதில் வருத்தமில்லை.

எரிச்சல் வேறு. போன மழைக்காலத்தில் முகத்துவாரத்தில் அலை புரட்டிப் படகு கவிழ்ந்தது. ஆளுக்குச் சேதமில்லை, எஞ்சின் முங்கிவிட்டது. உப்புத் தண்ணீரில் முங்கிய எஞ்சினை அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசி, பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வடித்து, எண்ணெய் விட்டுச் சுற்ற வேண்டும். காற்றுப் பட்டால் துரு ஏறத் தொடங்கிவிடும். கிளைம் அலுவலகத்தில் என்ன சொன்னார்கள்? "சர்வேயர் பார்க்கிற வரைக்கும் கை வைக்காதீங்க." சரி, சேதத்தை மதிப்பிடுகிற அந்தச் சர்வேயர் எப்போது வருவார்? "சொல்றோம் சார்."

மெக்கானிக் பிரிக்கப் பிரிக்க நான் போனில் வீடியோ எடுத்தேன். நஷ்டத்தைக் குறைக்கப் பார்ப்பது காப்பீடு எடுத்தவரின் கடமை என்று 1963 கடல்சார் காப்பீட்டுச் சட்டமே சொல்கிறது. அதை எடுத்துச் சொன்னதும் போனின் அந்தப் பக்கம் பேச்சே இல்லை. அப்புறம் ஒருவழியாக வந்த சர்வேயர், உண்மையைச் சொன்னால், நல்ல மனிதர். வீடியோவை ஏற்றுக்கொண்டார். தேய்மானமும் எக்செஸும் (நம் கையிலிருந்து போக வேண்டிய பங்கு) கழித்து மீதிப் பணம் சொன்ன தேதிக்கு வங்கியில் விழுந்தது. யாரும் கையூட்டுக் கேட்கவில்லை.

இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்கலாம். ஆனால் கடலோரத்தில் ஆள் வைக்காமல் படகு பாலிசி விற்கிற கம்பெனியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மச்சானிடமும் வேறு இடம் பார் என்றுதான் சொன்னேன். என்னுடையதைப் போன வாரம் அதே கம்பெனியில் புதுப்பித்துவிட்டேன். எஞ்சினையும் சேர்த்துப் பகுதிச் சேதத்துக்குத் தர, நான் விசாரித்த வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.