407-க்கு மாட்டிய டீசல் ஹோஸ், கிளிப், காப்பர் வாஷர்: ஒரு வருஷம் ஓட்டிய பிறகு

தங்கச்சிமடத்தில் இருந்து மதுரைக்கு மீன் பெட்டி ஏற்றிப் போகும் பழைய டாடா 407 மினி லாரி எங்களுடையது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வண்டிக்கு வேலை குறைவு. போன தடைக்காலத்தில்தான் நானும் தம்பியும் வீட்டு வாசல் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, டீசல் ஒழுகலைச் சரி செய்தோம். அதற்காக ராமநாதபுரம் கேணிக்கரைப் பக்கம் ஒரு சின்னக் கடையில் வாங்கிய சாமான்கள் எப்படி உழைத்தன என்பதை, இந்தத் தடைக்காலத்தில் மறுபடி கழற்றிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில் ஒழுகல் எங்கே என்று தெரிய வேண்டும். எஞ்சின் முழுக்க ஈரமாக இருந்தால் கண்ணுக்கு எதுவும் பிடிபடாது. எல்லா ஜாயிண்டையும் துணியால் துடைத்து, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, வண்டியைப் பத்து நிமிஷம் ஓட விட்டோம். வெள்ளைப் பவுடரில் நனைந்த கோடு விழுந்த இடம் மூன்று: டீசல் ஃபில்டர் மேல் உள்ள பேஞ்சோ போல்ட் (டீசல் போக நடுவில் துளையுள்ள போல்ட்), எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் நாசில்களுக்கு நடுவே ஓடும் ஓவர்ஃப்ளோ பைப், மிச்ச டீசலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் ஹோஸ் முனை. நான்காவது இடம் வெளியே ஒழுகவே இல்லை. டேங்கில் இருந்து, டீசலை இழுக்கும் ஃபீட் பம்புக்கு வரும் ஹோஸ் வெடித்திருந்தால் டீசல் வெளியே வராமல் காற்றை உள்ளே இழுக்கும். காலையில் எத்தனை செல்ஃப் அடித்தாலும் வண்டி எடுக்காததற்கு அதுதான் காரணம்.

நைட்ரில் ரப்பர் ஹோஸ், உள்ளே நூல் பின்னியது, மீட்டர் 160 ரூபாய். இதற்கு முன் கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் டியூபைப் போட்டிருந்தோம். அது நாலே மாசத்தில் மஞ்சளாகி, விறைத்து, கிளிப் கடித்த இடத்தில் பிளந்தது. புது ஹோஸின் முனையை இப்போது அரை அங்குலம் வெட்டிப் பார்த்தேன். உள்ளே ஊதவில்லை, வளைத்தால் வெடிப்பு இல்லை. இதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

கிளிப்பில்தான் கவனம் வேண்டும். எங்கள் ஊர் உப்புக் காற்றோடு மீன் பெட்டியில் இருந்து வடியும் ஐஸ் தண்ணீரும் சேர்ந்து வண்டியின் அடிச்சட்டமான சேஸ் முழுக்க இறங்கும். சாதாரணக் கிளிப் ஒரு மழைக்காலம் தாங்காது. ஸ்டெயின்லெஸ் என்று சொல்லிக் கொடுத்த எட்டு கிளிப்பில் மூன்று, திருகு இருக்கும் இடத்தில் செங்கல் நிறத்தில் துருப்பிடித்துவிட்டன. பட்டை பளபளவென்று இருக்கிறது, திருகு மட்டும் முலாம் பூசிய இரும்பு. ஸ்க்ரூ டிரைவரை வைத்தால் தலை பொடிந்து விழுகிறது. கடைக்குப் போகும்போது ஒரு சின்னக் காந்தம் கொண்டு போங்கள். பட்டையில் ஒட்டாமல் திருகில் மட்டும் சட்டென்று ஒட்டினால் அந்தக் கிளிப் வேண்டாம். பட்டையின் உள்பக்கம் வழவழப்பாக இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். வெட்டுப் பல் இருந்தால் இறுக்க இறுக்க ஹோஸை அறுக்கும்.

காப்பர் வாஷர் ஒன்று ஐந்து ரூபாய். பேஞ்சோ போல்ட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. பழையதையே மறுபடி போட்டு இன்னும் இறுக்கினால் நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள், நிற்காது. ஒரு தடவை நசுங்கிய செம்பு கெட்டியாகிவிடும். அவசரத்துக்குப் பழையதை டீசல் போகக் கழுவி, அடுப்பில் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மெத்தென்று ஆகும். ஐந்து ரூபாய்க்குப் புதிதே கிடைக்கும்போது அது தேவையில்லை. ஒரு வருஷமாக ஃபில்டர் தலை காய்ந்த மாதிரியே இருக்கிறது.

துணி சுற்றிய ஓவர்ஃப்ளோ பைப் மட்டும் சுமார்தான். எஞ்சின் சூட்டில், மாட்டிய ஏழாம் மாசமே வியர்க்க ஆரம்பித்தது. விலை குறைவு என்பதால் வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுவேன்.

மாட்டி முடித்ததும், உள்ளே சிக்கிய காற்று போக ஃபில்டரின் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஹேண்ட் பிரைமரை (கையால் அடிக்கும் சின்ன பம்ப்) அடியுங்கள். முதலில் நுரை நுரையாக வரும். நுரை நின்று சுத்தமான டீசல் வந்ததும் இறுக்க வேண்டும். உயர் அழுத்தப் பம்பில் இருந்து நாசிலுக்குப் போகும் இரும்புப் பைப்பில் ஒழுகல் இருந்தால், எஞ்சின் ஓடும்போது அங்கே விரலை வைத்துப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கையையே எடுக்க வேண்டி வரலாம். அட்டையை நீட்டிப் பாருங்கள். டேங்கில் ஓட்டை என்றால் வீட்டில் வெல்டிங் வேண்டவே வேண்டாம், பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள்.

இந்தத் தடவை டேங்கைக் கட்டும் பட்டையைக் கழற்றியபோது, அதன் அடியில் இருந்த ரப்பர் ஈரத்தைப் பிடித்து வைத்து டேங்க் தகட்டை அரித்திருந்தது. இன்னும் ஒழுகவில்லை. ஜூன் 14க்குள் அதைச் சுரண்டி, பெயிண்ட் அடித்து, புது ரப்பர் வைத்துவிட வேண்டும்.