குட்டி யானையா, பேட்டரி லோடு ஆட்டோவா?

கடைச் சரக்கை ஊருக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க டீசல் குட்டி யானை (டாடா ஏஸ் போன்ற சின்ன சரக்கு வண்டி) நல்ல உழைப்பாளிதான். ஆனால் ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வெளியேறும். எஞ்சினை அணைக்காமலே சரக்கு இறக்கும் பழக்கமும் நம்மாட்களுக்கு உண்டு, கேட்கவே வேண்டாம்.

பேட்டரி ஆட்டோ நின்றால் மோட்டாரும் நின்றுவிடும். பல வண்டிகளில் பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்கே திரும்புகிறது. சந்துக்குள்ளும் நுழையும். சரி, இந்தியாவில் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியில்தானே வருகிறது? உண்மைதான். ஆனாலும் டீசல் எஞ்சினில் பெரும்பகுதி ஆற்றல் வெப்பமாகவே வீணாகிறது. மோட்டாரில் அந்த இழப்பு மிகக் குறைவு. கடைக் கூரையில் சோலார் இருந்து அதில் சார்ஜ் செய்தால் இன்னும் நல்லது.

வெளியூர் ஓட்டம், அரை டன்னுக்கு மேல் பாரம் என்றால் என் ஓட்டு குட்டி யானைக்கே. திரும்பும்போது காலியாக வராமல் ஒரு லோடு பிடித்துக்கொள்ளுங்கள்.