சாயமில்லாமல் குடல் நரம்பைப் பார்க்க: இரு ஃபோட்டானா, ராமனா, ஓசிடியா?

குடல் சுவரின் இரு தசை அடுக்குகளுக்கு நடுவே ஆவர்பாக் பின்னல் என்ற நரம்பு வலை ஓடுகிறது. அதன் முடிச்சுகளை, அதாவது நரம்புசெல் திரள்களைப் பார்க்க ஆய்வகங்களில் ஆன்டிபாடி சாயம் ஏற்றுவார்கள். உயிருள்ள நோயாளிக்கு அது ஆகாது. ஹிர்ஷ்ஸ்ப்ருங் நோயில், சுமார் 5,000 பிறப்புக்கு ஒரு குழந்தைக்கு, குடலின் கடைசிப் பகுதியில் இந்த முடிச்சுகளே இருக்காது. முடிச்சு எங்கே தொடங்குகிறது, எதுவரை வெட்டுவது என்று தெரிய, அறுவையின் நடுவிலேயே துண்டெடுத்து, உறையவைத்து, சீவி, சாயமேற்றிப் பார்க்கிறார்கள். அவ்வளவு நேரமும் குழந்தை மயக்கத்தில் இருக்கும். சாயமில்லா முறைகளுக்கான உண்மையான பரீட்சை இதுதான்: 'இங்கே முடிச்சு இல்லை' என்று நம்பிச் சொல்ல முடியுமா?

இரு ஃபோட்டான் நுண்ணோக்கியின் படம் கண்ணுக்கு விருந்து. 740 நானோமீட்டர் அருகே அகச்சிவப்பு லேசரைச் செலுத்தினால் செல்லுக்குள் இருக்கும் என்ஏடிஎச் (செல் ஆற்றல் உண்டாக்கப் பயன்படுத்தும் மூலக்கூறு) தானாகவே ஒளிரும். நரம்புசெல்லின் உடல் மினுங்க, உட்கரு இருண்ட வட்டமாகத் தெரியும். அதே லேசருக்குக் கொலாஜன் என்ற நார்ப் புரதம் இரண்டாம் ஒத்திசை ஒளியை, அதாவது லேசரின் பாதி அலைநீளமுள்ள ஒளியைத் தரும். முடிச்சுக்குள் கொலாஜன் கிடையாது. ஆகவே பளிச்சென்ற நார்களுக்கு நடுவே அது தனித்து நிற்கும். வயதானவர் திசுவென்றால் லிப்போஃபுசின் (வயதோடு செல்லில் சேரும் நிறமி) துகள்கள் எல்லாவற்றையும் மிஞ்சி எரிந்து தொல்லை தரும். கெடாமலிருக்க ஃபார்மலினில் போட்ட துண்டும் சரிப்படாது, ஃபார்மலினே ஒளிரும். புதுத் துண்டைக்கூட ஆக்சிஜன் ஊட்டிய கரைசலில் வைக்காவிட்டால் என்ஏடிஎச் அளவு மாறிவிடும். ஆனால் செல்லைச் செல்லாகவே காட்டுவதால் இதன் 'இல்லை'க்கு மதிப்பு உண்டு. ஹிர்ஷ்ஸ்ப்ருங் பகுதியில் முடிச்சுக்குப் பதிலாகத் தடித்த நரம்புக் கற்றைகள் கிடக்கும்; செல் தெரியாத முறை அவற்றை முடிச்சென்று எண்ணி ஏமாறலாம்.

அடுத்தது தூண்டு ராமன் சிதறல். 1928-ல் சி.வி. ராமன் கண்ட விளைவின் (மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளியின் நிறம் மாறுவது) வேகமான வாரிசு. கொழுப்பு, புரதம் என்று பிரித்துக் காட்டும். மூளையில் இதற்குப் பெரிய பலம் நரம்பிழையைச் சுற்றியுள்ள மையலின் என்ற கொழுப்பு உறை. குடல் நரம்புகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த உறையே இல்லை. போதாததற்கு, ஒத்திசைந்த இரண்டு லேசர் கற்றைகள் வேண்டும். என் பட்டியலில் இது கடைசி.

ஓசிடி (optical coherence tomography) வேறு ரகம். 1991-லேயே வந்த முறை; திரும்பிவரும் ஒளியை அளக்கிறது, வேகம் அதிகம், ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் ஆழம் போகும். சாதாரண ஓசிடியில் முடிச்சும் தசையும் சாம்பல் நிற வித்தியாசம் மட்டுமே. 'தெரியவில்லை' என்பதை 'இல்லை' என்று எடுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் வராது. முழுப்புல டைனமிக் ஓசிடி அப்படியல்ல: செல்லுக்குள் நடக்கும் நுண் அசைவுகளையே ஒளிவேறுபாடாக மாற்றுவதால் செல்கள் எழுந்து தெரியும். குடலே நெளிந்துகொண்டிருந்தால் அந்தச் சிறு அசைவு அதில் அமுங்கிப்போகும். அதனால் இதற்கு ஏற்றது வெட்டியெடுத்த புதுத் துண்டு. சீவவும் வேண்டாம், உறையவைக்கவும் வேண்டாம். பார்த்த துண்டை அப்படியே பிறகு சாயத்துக்கும் அனுப்பலாம். அறுவை அரங்குக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

உடம்பிலேயே பார்க்க வேண்டுமென்றால் உள்ளிருந்து எட்டிப்பார்ப்பதைவிட வெளிப்புறம் மேல்: சளிச்சவ்வையும் வட்டத் தசையையும் தாண்ட வேண்டியதில்லை. பெருங்குடலில் நீளத் தசை மூன்று பட்டைகளாக ஒதுங்குவதால், பட்டைகளுக்கு இடைப்பட்ட இடத்தில் நரம்பு வலை இன்னும் பக்கம். அங்கேயும் ஒரு புள்ளியைப் பார்த்தால் போதாது. முடிச்சு தொடங்கும் எல்லை கோணல்மாணலாக இருக்கும், ஒரு பக்கம் இருக்கும், எதிர்ப்பக்கம் இருக்காது. சுற்றளவு முழுவதும் பார்த்தாக வேண்டும்.