நிட்டிங் பேட்டர்ன்ல (பின்னல் செய்முறை) போட்ட நூல் கிடைக்கலையா, கும்பகோணத்துல இந்த கடைக்கு போங்க

பெரிய தெரு பக்கம் இருக்குற இந்த நூல் கடைக்கு நிட்டிங் பண்றவங்க தாராளமா போகலாம். வெளிநாட்டு பேட்டர்ன்ல போட்டுருக்க நூல் இங்க இருக்காது, ஆனா அதுக்கு பதிலா எது சரிவரும்னு கடைக்கார அக்கா பொறுமையா சொல்றாங்க, எடுத்ததும் கலர் காட்டாம லேபிள்ல கேஜ் (4 இன்ச்சுக்கு எத்தனை ஸ்டிச் வருதுங்கறது) என்னன்னு தான் பாக்குறாங்க. 4 இன்ச்சுக்கு 22 ஸ்டிச் வரவேண்டிய இடத்துல 20 தான் வந்துச்சுன்னா, 198 ஸ்டிச் போட்ட ஸ்வெட்டர் சுத்தளவு 36 இன்ச்சுக்கு பதிலா கிட்டத்தட்ட 40 ஆயிடும், அதனால முதல்ல ஒரு கண்டு வாங்கி சாம்பிள் பின்னி துவைச்சு காயவெச்சு அளந்துட்டு வாங்கன்னு அவங்களே அனுப்புறாங்க (எந்த கடையில அப்படி சொல்லுவாங்க!).

நம்ம டெல்டா வெயிலுக்கு நான் காட்டன் தான் கேட்டேன். அது கம்பளி மாதிரி இழுத்தா திரும்பாது, கனத்துக்கு தொங்கிடும், பார்டருக்கு மட்டும் சின்ன ஊசி போடுங்கன்னாங்க. கணக்கும் கிராம்ல இல்ல, மீட்டர்ல. 100 கிராமுக்கு 225 மீட்டர் வர்ற கம்பளி 5 கண்டுன்னா 1125 மீட்டர், 50 கிராமுக்கு 106 மீட்டர் வர்ற காட்டன்ல அதுக்கு 11 கண்டு வேணும், எடைய பாத்து 10 வாங்குனா கடைசில ஸ்வெட்டர் கைக்கு நூல் பத்தாது. எல்லாம் ஒரே டை லாட்ல (ஒரே தடவையில சாயம் போட்டது) பாத்து எடுத்து குடுத்தாங்க.

காட்டன்ல கலர் கம்மி தான், வட்ட ஊசியும் எல்லா சைஸும் இருக்காது, போன் பண்ணி கேட்டுட்டு போங்க.