சுவரில் மடிக்கும் கட்டிலை நம்பி 2,60,000 ரூபாயை இழந்தேன்: சின்ன வீட்டில் இருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

இன்று காலை பத்தே முக்காலுக்கு, அந்தக் கட்டிலைச் செய்து மாட்டிய இன்டீரியர் நிறுவனத்திலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. என் புகார் தீர்க்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டதாம். யாரும் வீட்டுக்கு வரவில்லை. ஒரு ஸ்க்ரூவைக்கூட யாரும் தொடவில்லை. கட்டில் இன்னும் ஜன்னல் கம்பியில் நைலான் கயிற்றால் கட்டித்தான் நிற்கிறது. 2,60,000 ரூபாய் அவர்கள் கைக்குப் போய்விட்டது. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். வரிசையாக வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு வில்லிவாக்கத்தில். பத்திரத்தில் 610 சதுர அடி. காலால் நடக்க முடிந்த இடம் என்று அளந்தால் 415 சதுர அடி. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, ஹாலை ஒட்டி ஒரே பாத்ரூம். இதில் நானும் கணவரும், பத்தாவது படிக்கும் மகளும், மாமியாரும். அத்தைக்கு இரண்டு வருடம் முன்பு முழங்கால் ஆபரேஷன் நடந்தது. ஹாலில் ஒரு பழைய இரும்புக் கட்டிலில்தான் படுப்பார். மகள் அந்தக் கட்டில் ஓரத்திலேயே புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு படிப்பாள். பொதுத்தேர்வு வருகிறது, அவளுக்கென்று ஒரு மேசையாவது வேண்டும் என்பதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

சின்ன வீட்டுக்கு ஏற்றபடி திட்டம் போட்டு, அளவெடுத்து, தொழிற்சாலையிலேயே செய்து கொண்டுவந்து மாட்டித் தருவதாகச் சொல்லும் ஆன்லைன் இன்டீரியர் தளம்தான் அந்த நிறுவனம். பெயர் போட வேண்டாம் என்று கணவர் சொல்லிவிட்டார். நுகர்வோர் கமிஷனுக்கு வழக்கோடு போகும்போது சிக்கலாகும் என்று பயம். அதனால் எழுதவில்லை. ஆடித் தள்ளுபடி என்று விளம்பரம் பார்த்துத்தான் போன் செய்தேன்.

விளம்பரத்தைப் பார்த்து மட்டும் ஏமாந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் நம்பியது வேறு ஒன்றை.

அளவெடுக்க ஒரு பையன் வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். ஷூவை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்து, நாற்காலி கொடுத்தும் உட்காராமல், அத்தையின் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். லேசர் கருவியால் ஒவ்வொரு சுவராக அளந்தான். படுக்கையறை மூலையில் ஒரு காங்கிரீட் தூண் ஏழு அங்குலம் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அதை இரண்டு முறை அளந்து, "இதை விட்டா வார்ட்ரோப் உள்ள போகாதுக்கா" என்று நோட்டில் வட்டம் போட்டான். அப்புறம் அத்தையிடம் கேட்டான்: "பாட்டி, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருப்பீங்க?"

"ரெண்டு தடவை, சில நாள் மூணு தம்பி" என்றார் அத்தை.

"அப்ப கட்டிலை இறக்கினாலும் பாத்ரூம் போற வழி ரெண்டரை அடி கண்டிப்பா இருக்கணும். உங்க வாக்கர் போகணும்ல."

அதையும் எழுதிக்கொண்டான். எங்கள் வீட்டுக்கு வந்த எத்தனையோ பேரில் அத்தை ராத்திரி எழுந்திருப்பதைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் அவன்தான். அத்தையே காபி போடச் சொன்னார். அன்று சாயங்காலமே 26,000 ரூபாய் அட்வான்ஸ் அனுப்பினேன். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அனுப்பினேன்.

நான்காம் நாள் படம் வந்தது. முப்பரிமாணப் படம். ஹால் பளிச்சென்று இருந்தது. பகலில் சுவரோடு மடிந்த கட்டில், எதிரே புத்தக அலமாரியோடு மடக்கு மேசை. இரவில் கட்டில் இறங்கியிருக்க, பக்கத்தில் தாராளமாக வழி. மகள் அந்தப் படத்தைப் போனில் வால்பேப்பராக வைத்துக்கொண்டாள். கட்டில் 95,000. படுக்கையறை வார்ட்ரோப்பும் அதன் மேலே பரணும் சேர்த்து 88,000. மேசையும் புத்தக அலமாரியும் 32,000. சமையலறையில் மேல் கபோர்டுகள் 45,000. மொத்தம் 2,60,000. சீட்டு எடுத்ததில் இரண்டு லட்சம், என் வளையல்களை அடகு வைத்து அறுபதாயிரம்.

இரவு ஒன்பதரைக்கு போன். "மேடம், ஆஃபர் இன்னைக்கு பன்னிரண்டு மணிக்கு முடியுது. டிராயிங் அனுப்பியிருக்கேன், ஓடிபி மட்டும் சொல்லுங்க, அப்ரூவ் ஆயிடும்." பேசியது அந்தப் பையன் இல்லை, வேறு யாரோ. 41 பக்க பிடிஎஃப். போன் திரையில் எழுத்து எறும்பு மாதிரி தெரிந்தது. படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன், அதே அழகான படங்கள்தான். ஓடிபி சொன்னேன். மறுநாள் 1,30,000 கட்டினேன். சரக்கு கிளம்பும் முன்பு மீதி 1,04,000 கட்டினால்தான் லாரி ஏறும் என்றார்கள். அதையும் கட்டினேன். 45 நாளில் என்று சொன்னது, தீபாவளி கழிந்துதான் வந்தது. பொருள் வீட்டு வாசலுக்கு வரும்போது என் கையில் பிடித்துவைக்க ஒரு ரூபாய்கூட இல்லை.

மாட்ட வந்த இரண்டு பையன்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் கையில் இருந்த டிராயிங்கில் தூணே இல்லை. இரண்டு முறை அளந்து வட்டம் போட்ட தூண்! பில்டர் விளம்பரத்தில் போடும் வீட்டு வரைபடத்தை வைத்து எங்கேயோ உட்கார்ந்து யாரோ வரைந்திருக்கிறார்கள். வார்ட்ரோப் உள்ளே போகவில்லை. அந்தப் பையன்கள் அலுவலகத்துக்கு போன் செய்து கேட்டுவிட்டு, பக்கப் பலகையை மெஷின் வைத்து அறுத்தார்கள். அப்போதுதான் பார்த்தேன். அறுத்த இடத்தில் ப்ளைவுட்டின் அடுக்கு ஒன்றுகூட இல்லை. ரவை மாதிரி மரத்தூள் உதிர்ந்தது. விரலால் தேய்த்தேன், இன்னும் உதிர்ந்தது. போனில் மூன்று முறை "ப்ளை தான் மேடம்" என்று சொன்னவர்கள். 41 பக்கத்தில் தேடினால் 'என்ஜினியர்ட் வுட்' என்று இருக்கிறது. அந்த வார்த்தைக்குள் மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டும் அடங்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அறுத்த விளிம்பை மூடும் பட்டையான எட்ஜ் பேண்டும் ஒட்டவில்லை, ஒரு பழுப்பு டேப் சுற்றிவிட்டுப் போனார்கள். ஐப்பசி மழையின் ஈரத்துக்கு அந்த இடம் இப்போதே பொங்கியிருக்கிறது.

ஹாலுக்கு வருகிறேன். கட்டிலை இறக்கிப் பார்த்தோம். இறக்கினால் சுவரிலிருந்து கட்டில் நுனி வரை 7 அடி 2 அங்குலம். டிராயிங்கில் போட்டிருப்பது 6 அடி 4 அங்குலம். அது மெத்தைக்கான அளவு. கட்டில் மடங்கி நிற்கும் பெட்டியின் ஆழத்தைக் கணக்கில் எடுக்கவே இல்லை. ஹாலின் அகலம் டிராயிங்கில் 10 அடி. நான் டேப் வைத்து அளந்தேன், 9 அடி 7 அங்குலம். எதிரே இருக்கும் புத்தக அலமாரியின் 14 அங்குலத்தைக் கழித்தால் மிச்சம் எவ்வளவு தெரியுமா? 1 அடி 3 அங்குலம். வாக்கர் போகாது. நானே பக்கவாட்டில் திரும்பித்தான் போக வேண்டும். ரெண்டரை அடி கண்டிப்பா இருக்கணும் என்று அந்தப் பையன் சொன்னதற்காகத்தான் பணம் கட்டினேன். அந்த ரெண்டரை அடிதான் இல்லை.

இன்னொன்றையும் நான் யோசிக்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. பழைய கட்டிலுக்கு அடியில் அரிசி டிரம், அத்தையின் டிரங்குப் பெட்டி, கொலு பொம்மைகள், பண்டிகைப் பாத்திரங்கள் எல்லாம் இருந்தன. மடிக்கும் கட்டிலுக்கு அடி என்று ஒன்று கிடையாது. அந்தச் சாமான் முழுக்க இப்போது ஹால் நடுவில். இடத்தை மிச்சம் பிடிக்கப் போய், இருந்த இடமும் போனது. பழைய கட்டிலை 1,400 ரூபாய்க்குக் காயலான் கடையில் போட்டுவிட்டோம்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம். மகள் மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில். 'கிர்ர்' என்று ஒரு சத்தம். ஓடிவந்து பார்த்தால் மடித்து வைத்திருந்த கட்டில் இடது பக்கம் சாய்ந்து தானாக இறங்குகிறது. சுவரில் அடித்த ஆங்கர் போல்ட் இரண்டு, செங்கல் பொடியோடு வெளியே வந்து தொங்குகின்றன. மகளை இழுத்துவிட்டேன். அவள் நாற்காலியின் முதுகு உடைந்தது. அந்த நாற்காலியை இன்னும் தூக்கிப்போடவில்லை, மடக்கி வாசலில் வைத்திருக்கிறேன். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவே இருப்பது நாலரை அங்குலத் தடுப்புச் சுவர். அதில் இத்தனை எடையைத் தொங்கவிடலாமா என்று யாரும் பார்க்கவில்லை. கட்டிலைத் தாங்கி ஏற்றி இறக்க உதவும் கேஸ் பிஸ்டனை மெத்தையின் எடைக்குத் தகுந்தபடி தேர்ந்தெடுக்க வேண்டுமாம். எங்களுடையது இலவம்பஞ்சு மெத்தை, கல் மாதிரி கனம். யாரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து போன், போன், போன். எடுக்கும் ஒவ்வொருவரும் "உங்க கன்சர்ன் புரியுது மேடம்" என்று ஆரம்பிக்கிறார்கள். டிக்கெட் நம்பர் தருகிறார்கள். அளவெடுத்த பையன் எங்கே என்றால், அவர் இப்போது நிறுவனத்தில் இல்லை. தூண் எங்கே போனது என்றால், 27-ஆம் பக்கத்தில் நீங்கள் அப்ரூவ் செய்திருக்கிறீர்கள். போல்ட் கழன்றது என்றால், அது சைட் கண்டிஷன், உங்கள் சுவர் பலவீனம். குழந்தை மேல் விழுந்திருக்கும் என்றேன். எதிர்முனையில் கொஞ்சம் அமைதி, பிறகு, "யாருக்காவது அடிபட்டதா மேடம்?" இல்லை என்றேன். "அப்ப இது நார்மல் பிரியாரிட்டியில வரும்." இதைக் கேட்டபோது எனக்கு வந்த அழுகை இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

கடைசியாக ஒரு மேனேஜர் பேசினார். அடுத்த முறை புக் செய்யும்போது 15,000 ரூபாய் கழித்துத் தருகிறாராம். 2,60,000 ரூபாயை வாங்கிக்கொண்டு 15,000 ரூபாய்க்கு கூப்பன். வேண்டாம் என்றதும், நேற்று வரை பதில் இல்லை. இன்று காலை புகார் முடிந்துவிட்டதாகச் செய்தி.

சின்ன வீட்டில் இடத்தை எப்படித் திட்டமிடுவது என்று விரிவாக எழுத வேண்டும் என்றுதான் நினைத்தேன், தெரிந்தவர்கள் பலர் கேட்டிருந்தார்கள். இப்போது அதற்கு மனம் ஓடவில்லை. இதை மட்டும் செய்யுங்கள்.

படத்தை நம்பாதீர்கள். ஒரு சுவரை எடுத்துவிட்டு அறைக்கு வெளியே கேமராவை வைத்த மாதிரிதான் அந்தப் படங்களைப் போடுகிறார்கள், எந்த அறையும் பெரிதாகத் தெரியும். மேலிருந்து பார்க்கும் பிளானை, ஒவ்வொரு இடைவெளியும் எண்ணில் போட்டுத் தரச் சொல்லுங்கள். பிறகு பழைய பேப்பரைக் கட்டில் இறங்கிய அளவுக்கும் அலமாரி அளவுக்கும் வெட்டித் தரையில் ஒட்டி, இரண்டு நாள் அதை மிதிக்காமல் நடந்து பாருங்கள். ராத்திரி விளக்கில்லாமல் நடந்து பாருங்கள். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. நான் செய்திருந்தால் வளையல் கையில் இருந்திருக்கும்.

கொட்டேஷனில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே என்ன பலகை என்று எழுதி வாங்குங்கள். சமையலறைக்கு ஐஎஸ் 710 என்றால் மரைன் ப்ளை, அந்த முத்திரை பலகையிலேயே இருக்கும். 'என்ஜினியர்ட் வுட்' என்று இருந்தால் எது என்று கேளுங்கள். சாம்பிளை வெட்டி, விளிம்பைப் பாருங்கள். சுவரில் தொங்கும் எதற்கும், எந்தச் சுவர், எத்தனை அங்குலம் என்று முதலில் கேளுங்கள். மாட்டி முடிக்கும் முன்பு முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். இரவில் போனில் ஓடிபி சொல்லாதீர்கள். அளவெடுக்க வருபவர் எழுதிய நோட்டை அங்கேயே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை.

சாயங்காலம் 1915-க்கு போன் செய்தேன், தேசிய நுகர்வோர் உதவி எண். புகாரைப் பதிந்துகொண்டார்கள். ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆன்லைனிலேயே போடலாம். பில், 41 பக்க பிடிஎஃப், போல்ட் படம், உடைந்த நாற்காலி படம், இன்று வந்த குறுஞ்செய்தி எல்லாவற்றையும் கணவர் ஒரு ஃபைலில் போட்டுக்கொண்டிருக்கிறார். 2,60,000 ரூபாயும் திரும்ப வரும் வரை விடப்போவதில்லை.

மணி ஒன்றேகால். அத்தை கீழே பாயில்தான் படுத்திருக்கிறார், தனியாக எழ முடியாது. கூப்பிடுகிறார், கை கொடுக்கப் போகிறேன்.