பிளைண்ட் செயலி: பெயர் தெரியாது, ஆள் தெரியும்

ஆபீஸ் அரசியல் வேறு, ஆபீஸில் அரசியல் வேறு. முதலாவதை டீக்கடையில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். இரண்டாவது, அதாவது நாட்டு அரசியலை ஆபீஸில் பேசுவது, வேலைக்கே உலை வைக்கும். 2008-இல் ஒருபால் திருமணத்துக்கு எதிரான கலிஃபோர்னியா வாக்கெடுப்புப் பிரசாரத்துக்கு 1,000 டாலர் கொடுத்திருந்தார் பிரெண்டன் ஐக். 2014-இல் ஃபயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லாவின் தலைமைப் பதவிக்கு வந்ததும் அது கிளறப்பட்டது. இரண்டு வாரம்கூட அந்த நாற்காலியில் நிலைக்கவில்லை. 2017 ஆகஸ்டில் கூகுளின் பாலினப் பன்மைக் கொள்கையை விமர்சித்து 10 பக்கக் குறிப்பு எழுதிய ஜேம்ஸ் டமோர் வெளியேற்றப்பட்டார். 2024 ஏப்ரலில் இஸ்ரேல் அரசுடனான நிம்பஸ் என்ற கிளவுட் சேவை ஒப்பந்தத்தை எதிர்த்து அதே கூகுளின் அலுவலகங்களில் தர்ணா நடந்தபோது, முதல் சுற்றிலேயே 28 பேருக்கு வேலை போனது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்ற பேதமில்லை. அந்த இடத்தில் சிறுபான்மையாக நிற்பவர் யாரோ, அவர் தலைதான் முதலில் உருளும்.

அந்தப் பயத்தை நம்பி ஓடும், ஊழியர்கள் பெயரை மறைத்துப் பேசும் சேவைதான் பிளைண்ட். 2013-இல் தென்கொரியாவில் பிறந்தது, சில ஆண்டுகளில் அமெரிக்காவுக்குப் போனது, இப்போது பெங்களூரு, ஹைதராபாத், சென்னை டெக்கிகளின் கைப்பேசிகளிலும் இருக்கிறது. கட்டணம் கிடையாது. அலுவலக மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால் அதற்கு ஒரு குறியீடு வரும். அதைப் போட்டதும் ஒரு புனைபெயரோடு உள்ளே போகலாம். சொந்த நிறுவனத்து ஆட்கள் மட்டும் பார்க்கும் தனி அறை ஒன்று உண்டு. எல்லா நிறுவனத்தாரும் கூடும் பொது அறைகளும் உண்டு. அங்கே உங்கள் புனைபெயருக்குப் பக்கத்தில் நிறுவனத்தின் பெயர் நிற்கும். ‘இவர் உள்ளேயிருந்து பேசுகிறார்’ என்ற அந்த முத்திரைதான் இந்தச் செயலியின் மொத்தச் சரக்கு.

முத்திரை எவ்வளவு கெட்டி? 2014-இல் கொரியன் ஏர் விமானத்தில் மகடாமியா கொட்டை கொடுத்த விதம் பிடிக்கவில்லை என்று முதலாளியின் மகள் விமானத்தையே திருப்பிய விவகாரம் ஊழியர்களின் பிளைண்ட் பதிவு வழியாகப் பரவியபோது, அந்த முத்திரைக்கு மதிப்பு கூடியது. 2023 ஆகஸ்டில் அது சரிந்தது. காவல்துறை ஊழியர் என்ற முத்திரையோடு, சியோலின் கங்னாம் ரயில் நிலையத்தில் கத்திக்குத்து நடத்தப்போவதாக ஒருவர் எழுதினார். பிடித்துப் பார்த்தால் ஆள் போலீஸே இல்லை. வெவ்வேறு நிறுவனங்களின் பெயரில் போலிக் கணக்குகள் உருவாக்கி விற்று வந்தவர். ஆகவே ‘உங்கள் கம்பெனிக்காரரே சொல்லிவிட்டார்’ என்று ஒரு பதிவை யாராவது நீட்டினால் அரை நம்பிக்கை போதும்.

எழுதுபவரின் பாதுகாப்புக்கு வருவோம். மின்னஞ்சல் முகவரியை ஒருவழி மறையாக்கம் (திரும்ப மீட்க முடியாத உருமாற்றம்) செய்து கணக்கிலிருந்து பிரித்து வைப்பதாக பிளைண்ட் நிறுவனம் சொல்கிறது. இதற்கு ஆதரவாக ஒரு சம்பவம், எதிராக ஒரு சம்பவம். 2021-இல் கொரிய அரசின் நில, வீட்டு வசதிக் கழக ஊழியர்கள் ஊக லாபத்துக்கு நிலம் வாங்கிய விவகாரத்தில் சிக்கியபோது, மக்களின் கோபத்தைக் கேலி செய்து ஒருவர் பிளைண்டில் எழுதினார். போலீஸ் சோதனைவரை போயும் எழுதியவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் 2018 டிசம்பரில் பிளைண்ட் நிறுவனத்தின் தரவு சர்வர் ஒன்று கடவுச்சொல்லே இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்ததை ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் கண்டுபிடித்தார். மறையாக்கம் செய்யாத மின்னஞ்சல் முகவரிகள் அதில் இருந்தன. பூட்டு நல்ல பூட்டுதான், கதவைச் சாத்த ஒருமுறை மறந்துவிட்டார்கள்.

இருந்தாலும் பெரும்பாலானோர் மாட்டுவது செயலியின் ஓட்டையால் இல்லை. உங்களையும் கணக்கையும் இணைக்கும் தொப்புள்கொடி உங்கள் அலுவலக மின்னஞ்சல். குறியீடு வரும் அந்தக் கணமே கம்பெனி மெயில் சர்வரின் பதிவேட்டில் ஒரு வரி விழுகிறது: அனுப்பியவர் பிளைண்ட், பெற்றவர் நீங்கள், தேதி, நேரம். இன்பாக்ஸில் அழித்தாலும் அந்த வரி அழியாது. சேர்வது குற்றமல்ல, அதனால் யாரும் உடனே கேட்கப்போவதில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை 11 மணிக்குச் சேர்ந்து 11.20-க்கு காரசாரமாக ஒரு பதிவு போட்டால், ஐடி அட்மினுக்குப் பட்டியலைச் சுருக்கும் வேலையை நீங்களே செய்து கொடுத்தது போலாகும். சேர்ந்துவிட்டு மூன்று நான்கு வாரம் வெறும் வாசகராக இருங்கள். குறியீட்டை மடிக்கணினியில் பார்த்து, சொந்தக் கைப்பேசியில் கையால் தட்டுங்கள். ஆபீஸ் வைஃபையும் விபிஎன்னும் வேண்டாம், மொபைல் டேட்டா போதும். கம்பெனி முழுமையாக நிர்வகிக்கும் போனில் என்னென்ன செயலிகள் இருக்கின்றன என்பதை அட்மின் பார்க்கலாம், அதில் நிறுவவே கூடாது. லாக் ஸ்க்ரீன் அறிவிப்பை அணைத்துவிடுங்கள். மீட்டிங் மேசையில் கவிழ்க்காமல் வைத்த போன் ஒளிர்ந்து மாட்டிவிடுவது, கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் நடக்கக்கூடியது.

இதையெல்லாம் தாண்டி ஆளைக் காட்டிக்கொடுப்பது எழுத்து. பிளைண்டில் ஒரு சடங்கு உண்டு: எதைக் கேட்டாலும் ‘டிசி எவ்வளவு?’ என்று முதலில் மிரட்டுவார்கள். டிசி என்றால் போனஸ், பங்கு எல்லாம் சேர்ந்த மொத்தச் சம்பளம். கூடவே அனுபவ ஆண்டு. இப்படி ஒரு கற்பனைப் பதிவு: ‘9 வருட அனுபவம், டிசி 52 லட்சம், பேமெண்ட்ஸ் டீம், சென்னை. போன வாரம் டவுன்ஹாலில் விபி சொன்னதை ஏற்க முடியவில்லை.’ (டவுன்ஹால் என்றால் ஊழியர்கள் அனைவரும் கூடும் கூட்டம், விபி என்றால் துணைத் தலைவர்.) ஐந்து தகவல்தான். அந்த டீமில் சென்னையில் 14 பேர், 8 முதல் 10 வருட அனுபவக்காரர்கள் மூன்று பேர், டவுன்ஹாலுக்குப் பிறகு முகம் சுளித்தவர் ஒருவர். முடிந்தது கதை. எச்ஆருக்கு எந்த மென்பொருளும் தேவையில்லை, மேனேஜரின் நினைவாற்றல் போதும். ஊரும் டீமும் வேண்டாம், சம்பளத்தை ஒரு வரம்பாகச் சொல்லுங்கள், ‘போன வாரம்’ என்பதை ‘சமீபத்தில்’ ஆக்குங்கள். சொற்பழக்கத்தையும் கவனியுங்கள். டீமில் எல்லா மெயிலையும் ‘டூ தி நீட்ஃபுல்’ என்று முடிப்பவர் நீங்கள் ஒருவர்தான் என்றால், அது கையெழுத்துக்குச் சமம். ஆளை மறைக்கக் கூட்டம் வேண்டும். 40 பேர் உள்ள ஸ்டார்ட்அப்பில் இந்தச் செயலி முகமூடியே ஆகாது.

சரி, மறைந்து பேசினால் சிறுபான்மைக் கருத்துக்கு நியாயம் கிடைக்கிறதா? இங்கேதான் பிளைண்ட் ஏமாற்றுகிறது. சிறுபான்மை என்பதே இடத்தைப் பொறுத்தது. ‘இந்தி தெரியாமல் என்ன குறை?’ என்பது சென்னைக் கிளையில் பேச்சுக்கே எடுக்கத் தேவையில்லாத பெரும்பான்மைக் கருத்து. குருகிராமில் அதைச் சொன்னால் அறை அமைதியாகும். சாதி இன்னும் கடினம். 2020 ஜூனில் சிஸ்கோ மீது கலிஃபோர்னியா அரசுத் துறை சாதிப் பாகுபாட்டு வழக்குத் தொடுத்தது (தனிநபர்கள் இருவர் மீதான பகுதியை 2023-இல் அத்துறையே விலக்கிக்கொண்டது). 2022 ஏப்ரலில் தமிழ் வேர்களைக் கொண்ட தலித் செயல்பாட்டாளர் தேன்மொழி சௌந்தரராஜன் கூகுள் நியூஸ் ஊழியர்களிடம் பேசவிருந்த கூட்டம் எதிர்ப்பால் ரத்தானது. பெயர் சொல்லிப் பேச இடமில்லாத இப்படிப்பட்ட விஷயத்துக்குத்தான் முகமூடி தேவை. ஆனால் பிளைண்டில் சாதி என்று தலைப்பு வைத்தால், பத்து மறுமொழிக்குள் இட ஒதுக்கீட்டு வசையில் வந்து நிற்கும். முகமூடி உங்களுக்கு மட்டும் கொடுக்கப்படவில்லை, வசைபாடுபவருக்கும் அதே முகமூடிதான். மேலே மிதப்பது விருப்பக்குறி அதிகம் வாங்கிய மறுமொழி, அதாவது அங்கேயும் பெரும்பான்மையே. வாக்கெடுப்பு வசதியை நம்பி ‘நம் கம்பெனியில் 70 சதவீதம் பேர் இப்படி நினைக்கிறார்கள்’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வாக்களித்தவர் அன்றைக்கு எரிச்சலில் இருந்தவர், அவ்வளவுதான்.

நன்றாக வேலை செய்வது ஒரே வகைப் பதிவில்: குறிப்பான கொள்கைக் கேள்வி. கிரிப்டோ நிறுவனமான காயின்பேஸ் 2020-இல் அரசியல் வேண்டாம் என்று அறிவித்து, ஒத்துவராதவர்களுக்கு 4 முதல் 6 மாதச் சம்பளம் கொடுத்து அனுப்பியது. 60 பேர் போனார்கள். 2021-இல் மென்பொருள் நிறுவனமான பேஸ்கேம்ப் தன் உள் தளத்தில் அரசியல் பேச்சைத் தடை செய்ய, மூன்றில் ஒரு பங்கு ஊழியர்கள் கிளம்பினார்கள். இந்த மாதிரித் தடை உங்கள் நிறுவனத்தில் வந்தால், ‘சொந்த நேரத்தில் சொந்தக் கணக்கில் எழுதுவது இதில் வருமா? முந்தைய பதிவுகளுக்கும் பொருந்துமா?’ என்று கேளுங்கள். உபயோகமான பதில் வரும். ‘இந்த முடிவு அநியாயம்’ என்று தொடங்கினால் குப்பைதான் சேரும்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு: கலிஃபோர்னியாவின் தொழிலாளர் சட்டம் 1101, 1102 பிரிவுகள் ஊழியரின் அரசியல் செயல்பாட்டை முதலாளி கட்டுப்படுத்துவதைத் தடுக்கின்றன. கூட்டாட்சித் தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு சம்பளம், வேலை நிலைமை பற்றிச் சக ஊழியர்கள் சேர்ந்து பேசுவதைக் காக்கும்; வெறும் தேர்தல் அரசியலை அல்ல, மேனேஜர்களையும் அல்ல. எச்-1பி விசாவில் இருந்தால் வேலை போனபின் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். வழக்கு ஜெயிக்க வருடங்கள் ஆகும், பெட்டி கட்ட இரண்டே மாதம். இந்தியாவில் இருப்பவர்கள் ஆஃபர் லெட்டரோடு வந்த நடத்தை விதிகளில் சமூக ஊடகம் பற்றிய பத்தியை ஒருமுறை படித்துவிட்டு எழுதுங்கள்.

என் மதிப்பெண்: வாசிக்க 5-க்கு 4. ஆட்குறைப்பு வாடை, சம்பள நிலவரம், மேலிடத்து மனநிலை எல்லாம் இங்கே முன்கூட்டியே தெரியும். எழுத, 500 பேருக்கு மேல் உள்ள நிறுவனம் என்றால் 3. அதற்குக் கீழே 1. வேலை மாறும்போது, கணக்கை மூடுவதற்கு முன் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாக நீக்கிவிடுங்கள். யாரோ எடுத்த ஸ்க்ரீன்ஷாட்டை மட்டும் எந்தப் பொத்தானாலும் நீக்க முடியாது.