ஃப்ளேர் ஜீன்ஸ்: மூணு வருஷம் போட்டுப் பாத்த அப்புறம்

மொத ஃப்ளேர் ஜீன்ஸ் வாங்கி மூணு வருஷம் ஆச்சு, இப்ப பீரோல ரெண்டு இருக்கு, ஒண்ணு தப்பா வாங்கினது, இன்னொண்ணு பட்டுத் தெரிஞ்சு வாங்கினது. அம்மா பாத்ததுமே "இது 70கள்ல வந்த பெல்பாட்டம் தானேடி"ன்னு சிரிச்சாங்க. கிட்டத்தட்ட அதான், தொடைல ஒட்டி வந்து முட்டிலேர்ந்து விரியும். பூட்கட்னு இன்னொரு ஜீன்ஸ் மாடல் இருக்கு, அதுவும் இப்படித்தான், விரிப்பு மட்டும் கம்மி.

மொத ஜீன்ஸ்ல நான் இடுப்பு மட்டும் பாத்தேன். எனக்கு உயரம் கம்மி, கால் நீளம் மூணு இஞ்ச் அதிகமா இருந்துச்சு, சரி வெட்டிக்கலாம்னு டெய்லர்ட்ட குடுத்துட்டேன். வந்து போட்டா ஃப்ளேரையே காணோம்! அகலமே கீழ தானே இருக்கு, அத வெட்டிட்டா என்ன மிஞ்சும். அதுவும் இல்லாம முட்டில ஒடுங்க வேண்டிய இடம் எனக்கு கெண்டைக்கால் கிட்ட வந்து நின்னுச்சு, கால் இன்னும் குட்டையா தெரிஞ்சுது. இப்பல்லாம் ட்ரயல் ரூம்ல மொதல்ல பாக்கறதே அந்த ஒடுக்கம் எங்க உக்காருதுன்னு தான், உயரம் கம்மியானவங்க பெட்டீட் சைஸ் கிடைச்சா அதையே எடுங்க.

நீளத்துக்கு செருப்பு தான் கணக்கு. எதோட அதிகம் போடுவீங்களோ அத மாட்டிட்டு அளவு குடுங்க, தரைலேர்ந்து அரை இஞ்ச் மேல நின்னா போதும். என்னோடது ஹீல்ஸுக்கு அளவெடுத்தது, ஒரு நாள் சோம்பல்ல ஃப்ளாட்ஸ் போட்டுட்டு சுத்தினேன், பின்பக்க ஓரம் குதிகாலுக்கு அடில மாட்டி நூல் நூலா பிரிஞ்சிடுச்சு. டெய்லர்ட்ட குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ துவைச்சிடுங்க, முழு காட்டன்னா சுருங்கும்.

துணில இழுபடற ஸ்ட்ரெச் நூல் கொஞ்சமா, ஒண்ணு ரெண்டு பர்சன்ட் இருந்தா நல்லது. என் மொத ஜீன்ஸ்ல அதிகம், போடும்போது சுகமா தான் இருந்துச்சு, ஆறு மாசத்துல முட்டி தொளதொளன்னு ஆயிடுச்சு, முட்டி தொங்கினா ஃப்ளேர் ஷேப்பே போச்சு.

மேல என்ன போடறதுன்னா, ஹை வெய்ஸ்ட்டோட டக் பண்ணின சட்டை இல்ல இடுப்போட நிக்கற டாப். முழங்கால் வரைக்கும் வர குர்த்தாவும் போட்டுப் பாத்தேன், மேலயும் விரிப்பு கீழயும் விரிப்பு, பாவாடைக்கு மேல பாவாடை மாதிரி இருந்துச்சு, அன்னிக்கே விட்டுட்டேன்.

மழை நாள்ல மட்டும் இத எடுக்கறதே இல்ல, ஓரம் லேசா நனைஞ்சாலே ஈரம் மேல ஏறிக்கிட்டே போகும், காயறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும்.